குதிரைமறிச்சானின் இடது கை

நான் ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் அலுவலகத்தில் தகவல் அட்டைகளைக் கணினிக்கு மாற்றினார்கள். ஆவணப்படங்களுக்குத் தகவல் சேகரித்துச் சரிபார்க்கும் பிரிவு எங்களுடையது. பழைய அட்டையில் ஏழு கட்டங்கள் இருந்தன. புதிய படிவத்தில் ஆறு. ஏழாவது கட்டத்தின் தலைப்பு ‘நான் கேட்ட கேள்வி’. அதை யாரும் நிரப்புவதில்லை என்பதால் எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அது இருக்க வேண்டும் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். ஏன் என்று இளையவர்கள் கேட்டார்கள். தேநீர் இடைவேளைக்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை; எழுதித் தருகிறேன் என்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அதற்கு முன் நான்கு வருடம் ஒரு மாலைப் பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்தேன். பெயர், வயது, ஊர் மூன்றில் ஒன்று தப்பானால் மீதிச் செய்தியையும் வாசகர் நம்பமாட்டார் என்பதை அங்கே கற்றுக்கொண்டேன். இருபத்தேழு வயதில் இதழியல் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். படிப்பு முடிய இரண்டு மாதம் எங்காவது பயிற்சி பெற வேண்டும். எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேரை நரசிம்மன் என்ற ஆவணப்பட இயக்குநர் எடுத்துக்கொண்டார். ஒருவன் பிரபாகர். இன்னொருத்தி நான். பயிற்சி முடிவில் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

என் அப்பா தபால் துறைக்காரர். எதற்கும் கெடு வைப்பார். “இதுல வேலை கிடைச்சா சரி. கிடைக்கலன்னா பி.எட். சேர்ந்துடு. மறுபேச்சு கூடாது” என்றார். நான் ஒப்புக்கொண்டேன். வகுப்பறையில் நாற்பது குழந்தைகளுக்கு முன்னால் நிற்பதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். ஆகவே அந்த இரண்டு மாதம் எனக்கு விளையாட்டு இல்லை.

படம் ஆரணியின் நாட்டார் வீரன் ஒருவரைப் பற்றியது. பெயர் குதிரைமறிச்சான். பிரபாகர் சென்னையில் நூலகத்தைத் தேர்ந்தெடுத்தான்; அங்கே மின்விசிறி இருந்தது. எனக்கு ஆரணி கிடைத்தது.

நெசவாளர் தெருக்கள் மூன்று சேரும் இடத்தில் முழங்கால் உயரக் கல் ஒன்று இருந்தது. அதில் ஒரு ஆளும் ஒரு மிருகமும் செதுக்கப்பட்டிருந்தன. தலைமுறை தலைமுறையாக ஊற்றிய எண்ணெயில் இரண்டுமே மழுங்கி, எது ஆள் என்பதைப் பூசாரி சொன்னால்தான் தெரியும். கதை இதுதான். ஆரணியில் காலையில் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை நீட்டிக் கட்டுவார்கள். அதற்குப் பாவு என்று பெயர். பாவு நீட்டியிருந்தால் சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார், மாட்டு வண்டி பக்கத்துத் தெருவுக்குத் திரும்பும். அதை யாரும் குறுக்கே கடப்பதில்லை. முன்னொரு காலத்தில் வரி வசூலிக்க வந்த குதிரைக்காரன் ஒருவன் மட்டும் பாவுக்கு நடுவிலேயே குதிரையை விட்டான். ஒரு நெசவாளர் அவனை மறித்தார். அவர்தான் குதிரைமறிச்சான்.

இந்த அளவுக்கு ஊரில் எல்லாருக்கும் தெரியும். இதற்கு மேல் வேண்டும் என்பதற்காகத்தான் என்னை அனுப்பினார்கள்.

நரசிம்மன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடம் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவர். யாரையும் திட்டியதில்லை. தகவல் சொன்னால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு “யார் சொன்னது?” என்பார். பதில் சொன்னால் “அவருக்கு யார் சொன்னது?” என்பார். மூன்றாவது முறை கேட்பதற்குள் பெரும்பாலானவர்கள் தாமாகவே “விசாரிச்சுட்டு வரேன் சார்” என்று எழுந்துவிடுவார்கள். பெண்களை வயது பார்க்காமல் ‘அம்மா’ என்றும் ஆண்களை ‘ஐயா’ என்றும் கூப்பிடுவார். டீக்கடைப் பலகையில் எழுத்துப் பிழை இருந்தால் டீ குடிக்காமல் வந்துவிடுவார். ஆரணியில் அவர் அதிகம் டீ குடித்ததாக நினைவில்லை.

அவருடைய நடைமுறை கண்டிப்பானது. கண்ணால் கண்டவர் சொன்னால் வெள்ளை அட்டை. கேள்விப்பட்டவர் சொன்னால் மஞ்சள். எழுத்தில் இருந்தால் ரோஜா நிறம். மூன்று வெவ்வேறு தெருக்காரர்கள், ஒருவருக்கொருவர் உறவு இல்லாதவர்கள், தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் அதைப் படம் பிடிக்கலாம். அட்டையில் சொன்னவர் பெயர், வயது, தொழில், தெரு, யாரிடம் கேட்டார், என்ன சொன்னார், கடைசியாக நான் கேட்ட கேள்வி. எனக்கு ஒரு பெட்டி வெள்ளை அட்டையும் கொடுத்து அனுப்பினார். செத்து எத்தனையோ தலைமுறையான ஒருவரைக் கண்ணால் கண்டவர் ஆரணியில் யாரும் இல்லை. அந்தப் பெட்டி பிரிக்காமலே திரும்பி வந்தது.

முதல் பேட்டி துரைசாமி வீட்டில். அறுபது வயது, குழித்தறி நெசவாளர். அவர் தறியில் அன்று நெசவு இல்லை. பாவு தீர்ந்திருந்தது. தறியில் மிச்சமிருக்கும் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை, இழைக்கு இழை சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அதற்கென்றே சில பெண்கள் இருந்தார்கள். அன்று வந்திருந்தவர் சரோஜா அக்கா. ஐம்பது வயது இருக்கும். தறியடியில் உட்கார்ந்து, தலை நிமிராமல் விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

துரைசாமி கதையைச் சொன்னார். “குதிர வந்துச்சி. இவரு மறிச்சாரு.” அவ்வளவுதான். நான் அரைப் பக்கம்கூட எழுதவில்லை. தோண்டித் தோண்டிக் கேட்டேன். என்ன நிறக் குதிரை? எத்தனை பேர் வந்தார்கள்? ஒவ்வொன்றுக்கும் அவர் தலையைச் சொறிந்தார். மெட்ராஸிலிருந்து வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்புகிறோமே என்ற சங்கடம் அவர் முகத்தில் தெரிந்தது.

“குதிரைய எப்படி மறிச்சாரு? கையால பிடிச்சாரா?”

“ஆமாம்மா, புடிச்சாரு.”

“எந்தக் கையால? இடது கையா?”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மலர்ந்த முகத்தோடு, “ஆங், இடது கைதான்” என்றார்.

அந்தப் பேட்டியில் கிடைத்த ஒரே புதுத் தகவல் அது. மஞ்சள் அட்டையில் எழுதினேன். ஏழாவது கட்டத்தில் ‘குதிரை பற்றி’ என்று போட்டேன். மற்ற அட்டைகளிலும் அப்படித்தான். நேரம் மிச்சம் என்று எண்ணினேன்.

மறுநாள் கல்லுக்குப் பூசை செய்யும் கன்னியப்பனைப் பார்த்தேன். அவர் வேறு தெரு. அவரிடம் நான் இடது கை என்று சொல்லவில்லை. எந்தக் கை என்று மட்டும் கேட்டேன். அதற்கே கொதித்துவிட்டார்.

“இன்னாம்மா கேள்வி இது? சாமி சோத்துக்கைல புடிக்காம பீச்சாங்கைலயா புடிக்கும்? காலங்காத்தால பேஜார் பண்ணாத.”

எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். நான்கு நாள் கழித்து மூன்றாவது தெருவில் ஏகாம்பரம் என்ற தறிக்காரரைப் பார்த்தேன். கேட்பதற்கு முன்னால் அவரே, “இடது கையால கடிவாளத்த ஒரு இழு இழுத்தாரும்மா” என்றார். எனக்குப் புல்லரித்தது. அதற்கு அடுத்த நாள் பூசாரி கன்னியப்பன் என்னை டீக்கடையில் பிடித்தார்.

“அன்னிக்கி நான் கோவத்துல பேசிட்டேன். எழுதிக்கோ. இடது கைதான்.”

“வலது கைன்னு சொன்னீங்களே?”

“வலது கைல பாவு கட்டற கம்பு இருந்துச்சிம்மா. அத்த வுட முடியுமா? வுட்டா அவ்ளோ இழையும் சிக்கலாயிடும். கம்ப வுடாம நின்னுகினு, இடது கையால குதிரைய புடிச்சாரு. அதான் வீரம். வெறுங்கையா இருக்கறவன் எந்தக் கையாலயும் புடிப்பான்.”

நான் அந்த அட்டையைப் பெரிய எழுத்தில் எழுதினேன். மூன்று தெரு, மூன்று பேர், உறவு இல்லை. முதலில் மறுத்தவரே ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில்கூட இதற்கு மேல் கேட்கமாட்டார்கள்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து நரசிம்மன் சாருக்குச் சொன்னேன். மறுமுனையில் அவர் கண்ணாடியைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. வழக்கமான கேள்வியைக் கேட்டார். மூன்று பெயர்களையும் சொன்னேன்.

“கம்பை விடாம இடது கையால... இதை யாராலும் கற்பனை பண்ண முடியாதும்மா. பாவு நீட்டுறவங்களுக்குத்தான் தோணும்” என்றார். அதில் பாதி உண்மை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

படத்தின் முக்கியக் காட்சியே அதுதான் என்று முடிவாயிற்று. களம்பூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ராஜி என்பவரை நானே தேடிப் பிடித்தேன். இடது கைக்காரர், ஒரு மூட்டையை இடது தோளுக்கு ஏற்றுவதைப் பார்த்தால் குதிரை தானாகவே நின்றுவிடும் என்று தோன்றும். பூசாரி தெருவைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்தார். பிரபாகர் நூலகத்திலிருந்து அறுபது ரோஜா அட்டைகளோடு வந்து சேர்ந்தான். அவற்றில் குதிரைமறிச்சான் இல்லை. அந்தக் காலத்துக் குதிரை லாடங்கள் பற்றி நிறைய இருந்தது.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் காலை நரசிம்மன் சார் வந்தார். என் நாற்பத்தோரு அட்டைகளையும் நான் தங்கியிருந்த சத்திரத்துத் திண்ணைப் பலகையில் பரப்பிப் படித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏழாவது கட்டத்துல எல்லாத்துலயும் ‘குதிரை பற்றி’ன்னு இருக்கே அம்மா.”

“கேள்விதானே சார்...”

“சாயங்காலத்துக்குள்ள நிரப்பிடுங்க. நீங்க கேட்ட வார்த்தை, அப்படியே.”

குறிப்பேட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் மெய்ப்புப் பார்த்தவள். பேட்டியை ஒரு சொல் விடாமல் எழுதும் பழக்கம் உண்டு. துரைசாமியின் பக்கத்தில் என் கேள்வி என் கையெழுத்திலேயே இருந்தது. ‘இடது கையா?’ அதற்கு முந்திய எந்த வரியிலும், யார் வாயிலும், அந்தச் சொல் இல்லை. பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன். நான் இடது கைக்காரி. பேனா இருந்தது அந்தக் கையில்தான்.

நேரே துரைசாமி வீட்டுக்குப் போனேன்.

“நீங்கதானேம்மா கேட்டீங்க?” என்றார் அவர், கொஞ்சமும் பதறாமல். “பொண்ணு இடது கையால எழுதிகினு ஆசையா கேக்குது. இல்லன்னா மூஞ்சி வாடிடும். சரி, ஒரு கைதானே, போவட்டும்னு வுட்டேன்.”

“அப்ப ஏகாம்பரம் எப்படிச் சொன்னார்? பூசாரி?”

“எனக்குத் தெரியாதே. நான் வூட்ட வுட்டு எங்க போறேன்?”

அவர் போகவில்லை. போனவர் அன்று அவர் தறியடியில் இருந்த சரோஜா அக்கா. அவரை ஏகாம்பரத்தின் பக்கத்து வீட்டுத் தறியடியில் கண்டுபிடித்தேன். விரல் நிற்காமலே பேசினார்.

“தொரசாமி வூட்ல பிணைச்சிகினு இருந்தப்ப நீ கேட்ட, அவுரு சொன்னாரு. காதுல வுழுந்துச்சி. மறுநா ஏகாம்பரம் வூட்ல வேல. சொன்னேன். ‘ஏன் இடது கை?’ன்னாரு. எனக்குத் தெரியல. அப்புறம் பூசாரி பொண்ணு வூட்ல வேல. அங்கயும் சொன்னேன். பூசாரி அங்கதான் இருந்தாரு, அவரும் ‘ஏன்’னாரு. இழ பாதில தொங்கிகினு இருந்தா பாக்க முடியுமா? ராவெல்லாம் ரோசன பண்ணி அவருதான் கம்ப குடுத்தாரு.”

“அக்கா, அது பொய்யாச்சே!”

“பொய்யா? அறுந்த எடத்துல பிணைக்கிறதுதான் எங்க வேல. புடவைய கட்றவங்களுக்கு எந்த எடம்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா தறிக்காரர் என்னத்தான் திட்டுவாரு.”

என் மூன்று தனித்தனிச் சாட்சிகளுக்கு நடுவில் ஒரே ஆள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குச் சொன்னது துரைசாமி. துரைசாமிக்குச் சொன்னது நான்.

அன்று மாலை ஏழாவது கட்டங்களை நிரப்பினேன். சாரிடம் கொடுக்கவில்லை. வேலை, பி.எட்., அப்பாவின் முகம் எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. எப்படியும் ஒரு கை, யாருக்கு நஷ்டம் என்று துரைசாமி மாதிரியே யோசித்தேன். மெய்ப்புப் பார்க்கும்போது பிழையைக் கண்டும் விட்டுவிட்ட நாள் ஒன்று என் நினைவில் இல்லை. அது மட்டும் உறுத்தியது.

காலையில் குதிரை வந்தது. வேலூர்ப் பக்கத்துக் கல்யாண ஊர்வலக் குதிரை. நெற்றியில் ஜரிகைக் குஞ்சலம். மூர்க்கமாகப் பாய்ந்து வர வேண்டும் என்று குதிரைக்காரரிடம் சொன்னார்கள்.

“பேண்டு இல்லாம அது நவுராது சார்” என்றார் அவர்.

யாரோ வாயால் மேளம் வாசித்துப் பார்த்தார்கள். குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கி அழகாக ஆடியது. தெருவே சிரித்தது. ராஜி வலது கையில் கம்பைப் பிடித்தபடியும் இடது கையை நீட்டியபடியும் நின்றிருந்தார். பூசாரி அவர் கையைப் பிடித்து, “இன்னும் கொஞ்சம் மேல, வீரமா” என்று சரிசெய்துகொண்டிருந்தார். அந்தக் கையைப் பார்த்ததும் அட்டைகளை எடுத்துக்கொண்டேன். நரசிம்மன் சாரிடம் போனேன்.

“சார், இடது கை தப்பு.”

கண்ணாடி கழன்றது. “யார் சொன்னது?”

“தப்புன்னு சொல்றது நான்தான். இடது கைன்னு முதல்ல சொன்னதும் நான்தான்.”

அட்டைகளைக் கொடுத்தேன். கூடவே ஒரு தாளில், எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு என்று கிழமையோடு அம்புக்குறி போட்டு வரைந்திருந்தேன். அவர் நின்றபடியே படித்தார். கேமராக்காரரிடம், “ஐயா, எல்லாரும் டீ சாப்பிடுங்க” என்றார். தெருவில் கூடியிருந்தவர்களைப் பார்த்து, “இவங்க வர்றதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சது மட்டும் சொல்லுங்க. கை இல்லாம” என்றார்.

பூசாரிக்கு முகம் சிவந்தது. “சாமிக்குக் கை குடுத்ததே நீங்க. இப்ப நீங்களே புடுங்கறீங்களா? ஊரே கும்புட்டுகினு இருக்குது!”

“இந்தக் கையை எப்பலேர்ந்து கும்பிடறீங்க ஐயா?”

“போன செவ்வாக்கெழமலேர்ந்து” என்றார் பூசாரி, விறைப்பாக.

யாரோ சிரித்தார்கள். வாசலில் சாம்பல் விரலோடு நின்றிருந்த சரோஜா அக்காதான் முதலில் பதில் சொன்னார்.

“நின்னாரு. குதிரையும் நின்னுச்சி. எங்கம்மா சொன்னது அவ்ளோதான். மேல யாரும் கேட்டதில்ல.”

ஏகாம்பரம் தலையாட்டினார். துரைசாமியும் ஆட்டினார். நரசிம்மன் சார் அந்த இரண்டு வரியை மஞ்சள் அட்டையில் தன் கையாலேயே எழுதினார்.

காட்சி அப்படியே படமானது. நீட்டிய பாவின் முன்னால் ராஜி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குதிரையை ஓட்டி வந்தார்கள். அது ராஜிக்கு முன்னால் வந்து நின்றது. நிற்பதில் அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை. ஒரே தடவையில் முடிந்தது.

என் நாற்பத்தோரு அட்டையில் தேறியது ஐந்து; மற்றவற்றிலும் பதில் என் கேள்விக்குள்ளேயே இருந்தது. பயிற்சிச் சான்றிதழில் சார் இப்படி எழுதினார்: ‘இவர் கொண்டுவந்த தகவல்களில் பெரும்பாலானவை தவறு. அதை எங்களுக்குத் தெரிவித்தவரும் இவரே.’ அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, “இதைக் காட்டினா எவன் வேலை கொடுப்பான்?” என்று பி.எட். விண்ணப்பம் வாங்கக் கிளம்பினார். நான் நரசிம்மன் சாரிடம் விடைபெறப் போனேன்.

“திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்கம்மா” என்றார்.

“நானா சார்? பிரபாகர் அட்டை அத்தனையும் சரியா இருந்ததே?”

“இருந்தது. அறுபதையும் நான் திரும்பச் சரிபார்த்தேன். ஒரு வாரம் போச்சு. தன் தப்பு எந்த வாசல் வழியா எந்த நாள் போச்சுன்னு படம் போட்டுக் கொடுக்கிற ஆள் இருந்தா எனக்கு அந்த வாரம் மிச்சம்.”

அது பாராட்டா என்று எனக்கு இன்றும் தெரியாது. அங்கே சேர்ந்தேன், அதே வேலையில்தான் ஓய்வு பெற்றேன். அப்பா விண்ணப்பத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தார். அவள் இப்போது தலைமை ஆசிரியை.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு தொலைக்காட்சியிலிருந்து ஒரு தம்பி என்னைக் கூப்பிட்டார். குதிரைமறிச்சானைப் பற்றி நிகழ்ச்சி செய்கிறார்களாம். எங்கள் பழைய படத்தில் ஒரு குறை இருப்பதாகப் பணிவாகச் சொன்னார்.

“அவர் இடது கையால பிடிச்சதை நீங்க விட்டுட்டீங்க மேடம். நாங்க மூணு தெருவுலயும் விசாரிச்சுட்டோம். எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. இப்ப கல்லு பக்கத்துல புதுசா சிலையே வெச்சிருக்காங்க, இடது கை நீட்டின மாதிரி.”

“யாருமே வேற மாதிரி சொல்லலையா?”

“ஒரே ஒரு அம்மா மட்டும், பாவு பிணைக்கிறவங்க. அது யாரோ மெட்ராஸ் பொண்ணு கேட்ட கேள்வின்னு சொன்னாங்க. வயசாயிடுச்சு மேடம், கொஞ்சம் தடுமாறுறாங்க. அதை எடுத்துக்கல.”

அந்த மெட்ராஸ் பெண் நான்தான் என்றேன். நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் நான் ஒருத்திதானே, அங்கே மூன்று தெரு என்றார்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒளிபரப்பானது. பூசாரி கன்னியப்பன் நரைத்த மீசையோடு, வலது கையில் கம்பை விடாமல் இடது கையால் குதிரையை நிறுத்திக் காட்டினார். அப்படி ஒரு விவரிப்பை நான் என் வேலைக்காலத்தில் அதிகம் கேட்டதில்லை. கடைசியில் நானே நம்பிவிட்டேன்.